கை நுழைய இடம்

அலுவலகத்தில் அவருக்கு இருந்த பேர் 'அப்புறம் மேடம்'. காதுபடவே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. அம்மா அப்பா வைத்த பேர் அடையாள அட்டையில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும்.

ராணுவத்துக்குச் சாமான் வாங்குகிற அலுவலகம் அது. சாமான் என்றால் துப்பாக்கியும் பீரங்கியும் என்றுதான் வெளியே இருப்பவர்களுக்கு நினைப்பு. உண்மையில் அங்கே வாங்குவதில் பெரும்பகுதி லாரி, ஜெனரேட்டர், கூடாரம், தண்ணீர்த் தொட்டி, சமையல் அடுப்பு. எதை வாங்கினாலும் முதலில் கம்பெனிக்காரர்கள் வழவழப்பான காகிதத்தில் கலர் படம் கொண்டுவருவார்கள். அதிகாரிகள் வேகம், எடை, பலம் என்று காலை முழுக்கப் பேசுவார்கள். எல்லோரும் பேசி ஓய்ந்து, கோப்பை மூடி, டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்க்கும்போது கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும்.

"அப்புறம்?"

வண்டி வந்து இறங்கின பிறகு என்ன என்று அர்த்தம். யார் ஓட்டுவது, அவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது, கெட்டுப்போனால் எதை வைத்துத் திறப்பது, திறந்த பிறகு மாற்றிப் போட உதிரி பாகம் எங்கே இருக்கிறது, அதை மலைக்கு மேலே யார் தூக்கிக்கொண்டு போவது. இதையெல்லாம் கேட்டு, கேட்டதற்குப் பதில் வாங்கி, பதில் சொன்னபடி நடக்கிறதா என்று கடைசிவரை பின்னாலேயே போவதுதான் அவர் வேலை. வாங்குவது கல்யாணம் மாதிரி, ஆயிரம் பேர் வருவார்கள். அதற்குப் பிறகான குடித்தனத்தை எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. அந்தக் குடித்தனத்தைப் பார்ப்பதற்கு அந்தப் பெரிய கட்டடத்தில் இரண்டு மேஜையும் ஒரு ஜன்னலும் ஒதுக்கியிருந்தார்கள்.

இந்தக் கேள்வி அவரிடம் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிடங்கில் போட்டிருந்தார்கள். அங்கே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஜெனரேட்டர்கள் தார்ப்பாய் போர்த்தி நின்றன. புத்தம் புதியவை. ஓடத் தேவையான வடிகட்டி மட்டும் வாங்கவில்லை. வாங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, பிறகு கேட்டபோது அந்தக் கம்பெனியே இல்லை. தினமும் சாப்பாட்டுக் கூடத்துக்கு அவற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். தார்ப்பாய் கிழிந்து, பெயின்ட் உரிந்து, கடைசியில் இரும்பு விலைக்குப் போகிறவரை தாண்டித் தாண்டிப் போனார். வயிற்றெரிச்சல் தாங்காமல் பிறந்த கேள்வி அது.

வீட்டில் அம்மா, மேடம், தம்பி. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு தம்பியைப் படிக்கவைத்தது மேடம்தான். அவன் படித்த லட்சணத்துக்கு அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஆனால் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் போதும், பேசவே பேசாது என்று கைவிட்ட எஞ்சினும் அவனிடம் பேசும். ராணுவத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். மலை மேலே ஒரு யூனிட்டில் வேலை. லீவில் வந்தால் அக்காவைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு.

"ஏம்மா, இவளைப் பொண்ணு பாக்க வந்தாங்களே, அவங்ககிட்டயும் 'அப்புறம்?'னு கேட்டாளா? அதான் எந்திரிச்சு ஓடிட்டாங்களா?"

"ஓடினா ஓடட்டும்டா. ஓடுற வண்டிக்கு உதிரி பாகம் வேண்டாம்" என்பார் மேடம்.

அந்த யூனிட்டில் ஒரு மீட்பு லாரி இருந்தது. சேற்றிலோ பனியிலோ சிக்கிக்கொண்ட வண்டிகளை இரும்புக் கயிறு போட்டு இழுத்து மேலேற்றும் லாரி. கயிறு ஓர் உருளையில் சுற்றிக்கொள்ளும். அது ஒழுங்காக வரிசை பிடித்துச் சுற்ற, முன்னால் ஒரு சின்ன வழிகாட்டி உருளை இருக்கவேண்டும். அது தேய்ந்துபோய்விட்டது. மாற்று கிடையாது. அந்த லாரியை வாங்கிய காலத்தில் கடைசி நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தம்பியே இரண்டு தடவை செய்து போட்டுப் பார்த்தான், பாரம் தாங்காமல் உடைந்தது. ஆகவே கயிறு சுற்றும்போதெல்லாம் ஒரு ஆள் பக்கத்திலேயே நின்று, இரும்புக் கம்பியால் அதைத் தள்ளித் தள்ளி வரிசைப்படுத்தவேண்டும். அந்த ஆள் தம்பி.

"கம்பி வழுக்கினா?" என்று ஒருமுறை அம்மா கேட்டாள்.

"கையை எடுத்துக்குவேன்" என்றான்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு உலகத்தில் ஒரே கவலைதான். மேடம் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பாள்: "புது லாரி என்னடி ஆச்சு? உங்க ஆபீஸ்ல எல்லாரும் தூங்குறீங்களா?"

யாரும் தூங்கவில்லை. புது மீட்பு லாரி வாங்கும் கோப்பு மேடத்தின் மேஜைக்கே வந்திருந்தது. பேச்செல்லாம் முடிந்து, மாதிரி வண்டி ஒன்று வந்து இறங்கி, ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது பராமரிப்புச் சோதனை. அதில் தேறினால் பனி விழுந்து மலைச்சாலை மூடுவதற்குள் முதல் தொகுதி மேலே போய்விடும். தேறாவிட்டால் இன்னொரு பனிக்காலம் பழைய லாரிதான். இது மேடத்துக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும், அம்மாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

பராமரிப்புச் சோதனை மேடம் போராடிக் கொண்டுவந்த வழக்கம். வண்டியை ஒரு கொட்டகையில் நிறுத்துவார்கள். அதோடு வரும் கருவிப் பெட்டி, அதோடு வரும் கையேடு, யூனிட்டிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள், அவ்வளவுதான். அடிக்கடி கெடக்கூடிய பாகங்களை அவர்கள் குறித்த நேரத்துக்குள் கழற்றி மாட்டிக் காட்டவேண்டும். கம்பெனி எஞ்சினியர் தூரத்தில் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். அவர் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காரமுடியும். உதவி செய்கிறேன் என்று சட்டைப் பையிலிருந்து ஏதாவது மாயக் கருவியை எடுத்து நீட்டும் கம்பெனிக்காரர்களை மேடம் நிறையப் பார்த்திருந்தார்.

யூனிட்டுகளுக்குக் கடிதம் போகும்போது 'சராசரித் திறமையுள்ள மெக்கானிக்கை அனுப்பவும்' என்று எழுதுவார். எந்த அதிகாரி தன்னிடம் சராசரி ஆள் இருப்பதாக ஒப்புக்கொள்வார்? தலைநகரத்துக்கு அனுப்புவதென்றால் மார்தட்டிக்கொண்டு இருப்பதிலேயே சிறந்த ஆளை அனுப்புவார்கள். அப்படித்தான் அந்தத் தடவை மலை யூனிட்டிலிருந்து தம்பி வந்து நின்றான், வாயெல்லாம் பல்லாக.

மேடம் நேரே கர்னலிடம் போனார். பிரிவின் தலைவர் அவர். நல்ல மனிதர், எதையும் சீக்கிரம் முடிக்கவேண்டும் என்கிற ஒரு வியாதியைத் தவிர.

"சார், அது என் தம்பி. வேற ஆளை மாத்திடுங்க."

"மாத்தினா அடுத்த ஆள் வந்து சேர எத்தனை நாளாகும் தெரியுமா? மார்க் போடப்போறது நீங்களா மேடம்? கடிகாரம்தானே?"

அது சரிதான் என்று மேடத்துக்குத் தோன்றியது. தோன்றவேண்டும் என்று மனசு ஆசைப்பட்டது என்பதுதான் இன்னும் சரி.

சோதனை நன்றாகவே நடந்தது. எண்ணெய்க் குழாய் மாற்றுவதுதான் கடைசிக் கட்டம். இழுவை உருளையைச் சுழற்றுவதே அந்தக் குழாயில் போகிற எண்ணெய்தான், அது கிழிந்தால் லாரி வெறும் இரும்பு. குழாயின் மறுமுனை எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. தம்பி குனிந்து கையை விட்டான், வெளியே எடுத்தான், கையுறையைக் கழற்றினான், மறுபடி விட்டான். ஏதோ முனகினான். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். குழாய் கையோடு வந்தது. நேரம் முடிய இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கர்னல் கைதட்டினார். கம்பெனி எஞ்சினியர் கட்டியிருந்த கையை அவிழ்த்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மேடமும் சிரித்தார். கையுறை கழற்றினதைப் பார்த்தவர்தான், அது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் மதியம் வீட்டில் சாப்பாடு. அம்மா தம்பியின் தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

"அந்தக் கடைசி போல்ட் இருக்கேம்மா, சரியான திமிர் பிடிச்சது. அவங்க குடுத்த ஸ்பேனர் உள்ள போகவே மாட்டேங்குது. போனாலும் திருப்ப இடமில்ல. நான் விடுவேனா?"

பேன்ட்டை இழுத்து, காலுறைக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். சூடு காட்டி, அடித்து, இரண்டு இடத்தில் வளைத்த ஒரு ஸ்பேனர். அவனே செய்தது. கோணவாயன் என்று அதற்குப் பேர்.

"இவன் இல்லாம நான் எங்கயும் போறதில்ல. உங்க எஞ்சினியர் பாக்கெட்டைத்தானே காலி பண்ணுவீங்க? எங்க சாக்ஸை யாரு பாத்தா?"

அம்மா சிரித்தாள். மேடத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"கையுறை ஏன்டா கழட்டின?"

"போட்டுக்கிட்டு கை நுழையாதுக்கா."

"மேல குளிர்ல கையுறை இல்லாம இரும்பைத் தொடுவியா?"

"தொட்டா தோல் ஒட்டிக்கும். ஆனா நான் சமாளிச்சுக்குவேன்."

"நீ சமாளிப்ப. இந்த லாரி இன்னும் எத்தனை யூனிட்டுக்குப் போகுது? அங்கெல்லாம் உன்னை மாதிரி ஒருத்தன், உன் கோணவாயன் மாதிரி ஒண்ணு இருக்குமா? நடு ரோட்டுல, பனியில, குழாய் கிழிஞ்சா அவன் என்னடா பண்ணுவான்?"

தம்பிக்கு அப்போதுதான் அக்காவின் முகம் கண்ணில் பட்டது. "அக்கா. விளையாடாத. பாஸ் ஆயிடுச்சு."

"நீ பாஸ் ஆயிட்ட. லாரி ஆகல."

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது நல்ல பேச்சு இல்லை. ஊரான் பிள்ளைகளுக்காகக் கூடப் பிறந்தவனைக் காவு கொடுப்பாயா என்று அம்மா கத்தினாள். தம்பி கத்தவில்லை. "கயிறு பக்கத்துல நிக்கிறது நான்தான் அக்கா" என்று மட்டும் சொன்னான். கோணவாயனை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டைப் பாதியில் விட்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மேடம் அறையில் போய்ப் படுத்துக்கொண்டு அழுதார். தப்பு தன் மேலும்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. நல்ல மெக்கானிக் மோசமான வண்டியைக்கூட ஓடவைத்துவிடுவான், சோதனைக்கு அவனைவிடப் பெரிய எதிரி கிடையாது. கம்பெனிக்காரன் ஏமாற்றுவான் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, சொந்தப் படைக்காரனின் கெட்டிக்காரத்தனம் ஏமாற்றும் என்று தோன்றவே இல்லை. சும்மா இருந்துவிட்டால் என்ன என்றும் நினைத்தார். மணிக்கணக்காக நினைத்தார். நினைக்கும்போதெல்லாம் கண்முன்னே தார்ப்பாய் போர்த்தின ஜெனரேட்டர்கள் வந்து நின்றன, இந்தத் தடவை அவற்றுக்குப் பக்கத்தில் ஆட்களும் நின்றார்கள்.

மறுநாள் கர்னலிடம் எல்லாவற்றையும் சொன்னார். கர்னல் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"இவ்வளவுதானே? அந்த வளைஞ்ச ஸ்பேனரையே கருவிப் பெட்டியில சேர்த்துடுவோம். விஷயம் முடிஞ்சது."

"ஸ்பேனர் நுழையும் சார். கையுறை போட்ட கை நுழையாது."

கம்பெனி எஞ்சினியரை வரவழைத்தார்கள். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. தொழிற்சாலையில் முதலில் குழாயை மாட்டிவிட்டுத்தான் தொட்டியை வைப்பார்களாம். ஆகவே அந்தப் பொந்துக்குள் கை விட்டுப் பார்க்கவேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் வந்ததே இல்லை. மேடம் ஒரு கையுறையை நீட்டினார். அவர் போட்டுக்கொண்டு கையை விட்டார், மணிக்கட்டோடு நின்றது. வெட்கப்பட்டு வெளியே எடுத்துக்கொண்டார். பக்கத் தகட்டில் ஒரு திறப்பு வைக்கலாம், ஆனால் அங்கே தாங்கு கம்பி போகிறது, அதை நகர்த்தவேண்டும், நகர்த்தினால் பலத்தை மறுபடி சோதிக்கவேண்டும் என்றார். அடுத்த வருஷம் என்பதைத்தான் அப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னார்.

"அறிக்கையில உங்க தம்பி விஷயம் வரணுமா?" என்று கர்னல் மெதுவாகக் கேட்டார். கேட்கவேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் இல்லை, பாசத்தில்தான் கேட்டார்.

"அது இல்லாம எப்படி சார் எழுதறது? ஸ்பேனர் தானா நடந்து வந்துச்சுன்னா?"

லாரி தேறவில்லை என்று அறிக்கை போனது, புது லாரி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. தம்பிக்கு யூனிட்டில் கண்டிப்பு வந்தது, வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. சோதனை விதிகளில் ஒரு வரி கூடியது: மெக்கானிக்குகளும் பாக்கெட்டையும் காலுறையையும் காலி செய்யவேண்டும்.

அதற்குப் பிறகு அந்த வழிகாட்டி உருளைக்காக மேடம் அலைந்த அலைச்சலைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பழைய லாரிகளை உடைத்து விற்கும் இடங்களுக்கெல்லாம் ஆள் விட்டார். லீவு போட்டுவிட்டுத் தானே போய், கிரீஸ் படிந்த குவியல்களுக்கு நடுவே புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தேடினார். கடைசியில் கனத்த எஃகில் கடைந்து கொடுக்க ஒரு லேத் பட்டறைக்காரர் ஒத்துக்கொண்டார். உருளை நன்றாகவே வந்தது. மேலே அனுப்பினார். பாதி வழியில் பனி விழுந்து சாலையை மூடிவிட்டார்கள். உருளை அடிவாரத்துக் கிடங்கில் உட்கார்ந்துவிட்டது.

அந்தப் பனிக்காலத்தில்தான் அது நடந்தது. பள்ளத்தில் சறுக்கின ஒரு ரொட்டி வண்டியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பி வழுக்கியது. தம்பி கையை எடுத்துக்கொண்டான், ஆனால் முழுக் கையையும் அல்ல. இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் மேடமும் போனார்கள். அவன் அம்மாவிடம் பேசினான். மேடம் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நான் எழுதினதுதான் இது' என்று வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும் போல இருந்தது. அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "ஒரு கையெழுத்துடி. ஒரே ஒரு கையெழுத்து போட்டிருந்தா போதும்." அம்மா சொன்னது உண்மை. எழுதினதும் சரிதான். இரண்டையும் சேர்த்து எங்கே வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

தம்பி யூனிட்டுக்கே திரும்பினான். கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருகிறோம் என்றார்களாம், பட்டறையை விட்டு வரமாட்டேன் என்றானாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவுக்குப் போன் வரும். அம்மாவுக்குக் காது மந்தம் என்று சொல்லிக்கொண்டு மேடம் ஸ்பீக்கரைப் போட்டு அவள் மடியில் வைப்பார். வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துவிடுவார். உண்மையில் அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவளும் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. கோபம் கோபமாகவே இருந்தாலும் பெற்ற வயிறு இரண்டு பேருக்கும் ஒன்றுதானே.

தம்பி அம்மாவிடம் பேசுகிற பேச்சு விசித்திரமாக இருக்கும். சாப்பிட்டேன், தூங்கினேன் என்பதெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும். பிறகு லாரி. உருளை வந்து சேர்ந்தது, மாட்டினோம், நல்லா சுத்துது. புது லாரி வரப்போவதாகச் சொல்கிறார்கள். வந்துவிட்டது. கையேடு இந்தத் தடவை படம் போட்டு நன்றாக இருக்கிறது. கருவிப் பெட்டியின் மூடிதான் கொஞ்சம் இறுக்கம், யாராவது கம்பெனியிடம் சொன்னால் தேவலை.

"இவன் எதுக்குடி என்கிட்ட மூடியைப் பத்திச் சொல்றான்?" என்று போனை வைத்ததும் அம்மா கேட்பாள். மேடம் மறுநாள் முதல் வேலையாகக் கம்பெனிக்கு மூடியைப் பற்றி எழுதுவார்.

அடுத்த பனிக்காலம் தொடங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"நேத்து குழாய் கிழிஞ்சிடுச்சும்மா. கொண்டை ஊசி வளைவுல, நல்ல காத்து. வேணும்னே நான் கை வைக்கல. போன மாசம் வந்து சேந்தானே ஒரு தூங்குமூஞ்சி, அவனை மாத்தச் சொன்னேன். பெட்டியில இருந்த ஸ்பேனர்தான். பக்கத் தகட்டுல ஒரு மூடி வச்சிருக்காங்க, அதைத் திறந்தா போதும். கையுறை போட்டுக்கிட்டே மாத்திட்டான். விசில் வேற அடிக்கிறான் மடையன்."

"நல்லதுப்பா" என்றாள் அம்மா, ஒன்றும் புரியாமல்.



"அம்மா, ஸ்பீக்கரை அணைச்சுட்டு போனை அக்காகிட்ட குடு."

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அவ இங்க இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வருஷமா உன்கிட்ட போல்ட்டையும் நட்டையும் பத்திப் பேசிட்டிருக்கேனே, உனக்காகவா பேசினேன்?"

ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்று அம்மாவுக்குத் தெரியாது. அதை எப்போதும் போட்டவர் மேடம்தான். எழுந்து வந்து, தன் விரலாலேயே அணைத்து, போனைக் காதில் வைத்தார். கண்ணீர் முந்திக்கொண்டது.

"அக்கா, அவன் முடிச்சப்புறம் நானும் விட்டுப் பாத்தேன். இந்தக் கையும் நுழையுது."

மேடம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கோவம் இன்னும் போகலைக்கா. அதையும் சொல்லிடறேன்."

"இருக்கட்டும்டா. இருக்கட்டும்."

"ம்."

அவன் போனை வைத்துவிடுவானோ என்று மேடத்துக்குப் பயமாக இருந்தது. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் கேட்டதை, முதல் தடவையாகப் பதிலைப் பற்றிக் கவலைப்படாமல் கேட்டார்.

"அப்புறம்?"